பொங்கோல் வீட்டுல 6 அடி பவளத் தொட்டி: தளம் தாங்குமா, பர்ஸ் தாங்குமா?

பொங்கோல்_மணி
வணக்கம். மூணு வருஷமா இங்க எட்டிப் பாத்துட்டுப் போறவன், இதுதான் முதல் பதிவு. அடுத்த மாசம் பிடிஓ (சிங்கப்பூர் அரசு கட்டித் தர்ற புது வீடு) சாவி கைக்கு வருது. நாலறை வீடு, 9வது மாடி. ஹால்ல டிவி வேணாம்னு வீட்டுக்காரம்மாவே சொல்லிட்டாங்க, அந்தச் சுவர் முழுசும் எனக்குத்தான். நினைப்பு இதுதான்: 6 அடி நீளம், ரெண்டரை அடி அகலம், 2 அடி உயரம். கடல்நீர், பவளம், கீழ சம்ப் (வடிகட்டி எல்லாம் வைக்கிற அடித்தொட்டி). நன்னீர்ல எட்டு வருஷம் டிஸ்கஸ் மீன் வளர்த்திருக்கேன், அதனால மீனுக்குப் புதுசு இல்ல, உப்புக்குத்தான் புதுசு. மகளுக்கு ஏழு வயசு, அவளுக்கு ப்ளூ டேங் மீன் வேணுமாம். தளம் தாங்குமா? மாசம் கரண்டு எவ்வளவு வரும்? நான் யோசிக்காம விட்டது என்ன?

உப்புக்கண்டம்
விட்டது ஒண்ணுதான் ப்ரோ. மொத்தச் செலவை வீட்டுல சொல்லலை. அப்படியே விட்டுடுங்க.

கான்கிரீட்_காதர்
முதல் கேள்விக்கு நான் வரேன், என் வயித்துப் பிழைப்பே அதுதான். 180 x 75 x 60 செமீன்னா 810 லிட்டர். கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ, அதுவே 830 கிலோ. 15 மிமீ கண்ணாடி ஒரு 165 கிலோ. ஸ்டாண்டு, பாறை, சம்ப், சம்புக்குள்ள தண்ணி எல்லாம் சேர்த்தா 300க்குக் குறையாது. மொத்தம் 1.3 டன். அது உக்கார்ற இடம் 1.35 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 950 கிலோவைத் தாண்டுது. வீட்டுத் தளத்தை வடிவமைக்கிற கணக்கு சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ.

உடனே பயப்பட வேணாம். அந்த 150 அறை முழுக்கப் பரவின சுமைக்கான கணக்கு, அதுக்கு மேல பாதுகாப்புக்குன்னு கொஞ்சம் சேர்த்துதான் கட்டுவாங்க. தீபாவளிக்கு ஹால்ல முப்பது பேர் கூடினா தளம் ஒண்ணும் ஆகாது. ஆனா அந்த முப்பது பேரும் ராத்திரி வீட்டுக்குப் போயிடுவாங்க, உங்க தொட்டி பத்து வருஷம் அங்கேயே நிக்கும். தொடர்ந்து சுமை இருந்தா கான்கிரீட் கண்ணுக்குத் தெரியாம கொஞ்சம் கொஞ்சமாத் தொய்யும். தளத்துக்கு ஒண்ணும் ஆகலைன்னாலும், ஒரு மூலை ரெண்டு மிமீ இறங்கினா கண்ணாடி ஒட்டின சிலிக்கான்தான் அந்தக் கஷ்டத்தைச் சுமக்கும்.

பாம்ப் ஷெல்ட்டர் (வீட்டுக்குள்ளயே இருக்கிற பதுங்கறை) சுவர் ஹால் பக்கம் இருக்கா? இருந்தா அதை ஒட்டி வைங்க. கனமான கம்பி போட்ட கான்கிரீட் சுவர், மாடிக்கு மாடி ஒண்ணுமேல ஒண்ணா கீழ வரைக்கும் இறங்கும். அதை இடிக்கிற எண்ணம் மட்டும் வேணாம், அனுமதி கிடையாது. 6 அடிதான்னு பிடிவாதமா இருந்தா பதிவு பெற்ற பொறியாளர்கிட்டக் காட்டிட்டு வாங்க. என்னைக் கேட்டா 4 அடி. 120 x 60 x 60, எல்லாம் சேர்த்து 700 கிலோ. இதுவும் லேசு இல்லதான், ஆனா சுவரோரம் வச்சுட்டு நான் நிம்மதியாத் தூங்குவேன்.

பொங்கோல்_மணி
மனசு உடைஞ்சு போச்சு காதர் பாய். ஷெல்ட்டர் சுவர் இருக்கு, ஆனா ஐந்தடிதான்.

யீஷூன்_கிழவன்
தம்பி, ஐந்தடிச் சுவர்ல நாலடித் தொட்டி உக்காந்தா மிச்சம் ஒரு அடி. அந்த ஒரு அடி உனக்குத் தேவைப்படும். கை விட, வயரைத் தொங்கவிட, வாளி வைக்க. சுவத்துக்குச் சுவர் தொட்டி கட்டினவன் எல்லாம் பின்னாடி விழுந்த நத்தையை எடுக்க முடியாம உக்காந்து அழுவான்.

நான் 22 வருஷமா உப்புத்தண்ணி. எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்ச இடம் ரிவர் வேலி ரோட்டுல இருந்த வான் கிளீஃப் மீன் காட்சியகம். 1955ல திறந்தது, 1998ல இடிச்சே போட்டாங்க. சின்ன வயசுல அப்பா தோள்ல உக்காந்து பாத்த ஞாபகம். சரி, கதையை விடு, விஷயத்துக்கு வரேன்.

டிஸ்கஸ் வளர்த்தவனுக்குத் தண்ணி தெரியும். ஆனா நம்ம ஊர்ல பவளம் வளர்க்கிறவன் தண்ணியைவிட அதிகமாக் காத்தோடதான் போராடணும். இதை எந்தக் கடைக்காரனும் சொல்ல மாட்டான், அவன்கிட்ட அதுக்கு விக்கிற பாட்டில் இல்ல.

முதல்ல சூடு. நம்ம வீட்டுக்குள்ள சாதாரணமா 30 டிகிரி. பவளத்துக்கு 25, 26. வெளிநாட்டுக்காரன் ஹீட்டர் வாங்குறான், நாம சில்லர் (தண்ணியைக் குளிர வைக்கிற மெஷின்) வாங்குறோம். காத்தாடி வச்சா ஆவியாகித் தண்ணி குளிரும்னு சொல்வாங்க, நம்ம ஈரப்பதத்துல ரெண்டு டிகிரி இறங்கினாலே பெரிசு. நாலடிக்குக் கால் குதிரைத்திறன் சில்லர் போதும், ஆனா அதை ஸ்டாண்டுக்குள்ள வச்சு மூடிடாதே. தொட்டியிலேருந்து எடுக்கிற சூட்டை அது அங்கேயேதான் கக்கும், கக்குனதையே திரும்ப இழுக்கும், நாள் முழுக்க ஓடும். முடிஞ்சா சர்வீஸ் யார்டுக்குக் குழாய் இழுத்துடு.

அடுத்தது மூச்சு. இதுலதான் நான் பட்டேன். ஏர்கான் போட்டுக் கதவு ஜன்னலைச் சாத்தினா, வீட்டுல நாலு பேர் விடுற மூச்சு எங்க போகும்? கரியமில வாயு அறையில ஏறும், தண்ணியில கரையும், பிஎச் இறங்கும். என் தொட்டியில காலையில 7.7. சாயங்காலம்கூட 7.9 தாண்டாது. அல்கலினிட்டி, கால்சியம், மெக்னீசியம் எல்லாம் புத்தகத்துல போட்ட மாதிரி, ஆனா அக்ரோபோரா பவளம் வளரவே மாட்டேங்குது. ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுல எல்லாரும் மலேசியாவுக்கு, ஜோகூர் போயிட்டாங்க. நான் ஏர்கானை அணைச்சு ஜன்னலைத் திறந்து வச்சிருந்தேன். சாயங்காலம் 8.2! மருந்தில்லாம, பாட்டில் இல்லாம.

சரின்னு ஸ்கிம்மரோட (காத்தை நுரையாக்கித் தண்ணி அழுக்கை எடுக்கிற மெஷின்) காத்துக்குழாயை நீட்டி ஜன்னல் வழியா வெளிய விட்டேன். ஸ்கிம்மர் வெளிக்காத்தை இழுக்குது, பிஎச் 8.15ல நிக்குது, பவள நுனியெல்லாம் வெள்ளையா வளர ஆரம்பிச்சுது. எட்டு மாசம் நான் ராஜா. பாக்கிறவங்கிட்ட எல்லாம் அந்தக் குழாயைக் காட்டிப் பெருமை.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை. எங்க பேட்டையில டெங்கி. புகையடிக்கப் போறதா லிஃப்ட் பக்கத்துல நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க, குத்தம் சொல்ல முடியாது, நான்தான் படிக்கலை. வேலை முடிஞ்சு ஏழு மணிக்கு வந்தேன். க்ளீனர் இறால் ரெண்டும் மல்லாந்து கிடக்குது, காலு மட்டும் இழுக்குது. பாறைக்குள்ள இருந்த நண்டு வெளிய வந்து கவுந்து கிடக்குது. சம்ப்ல குட்டிக்குட்டியா ஓடுமே அந்தப் பூச்சி, அது மாவு தூவின மாதிரி அடியில படிஞ்சிருக்குது. மீன் மூச்சு வாங்குது, ஆனா உயிரோட இருக்குது. அந்தக் கொசு மருந்து, பைரெத்ராய்டு வகை, மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாத அளவிலேயே இறால் நண்டைக் கொன்னுடும், மீனுக்கும் ஆகாது. நான் வெளிய விட்ட அந்தக் குழாய் நிமிஷத்துக்குப் பல லிட்டர் காத்தை இழுத்து, நுரையாக்கித் தண்ணியில கலக்கிக் குடுத்திருக்கு. அதைவிட நல்லா நஞ்சு கலக்குற மெஷினை யாரும் செய்ய முடியாது.

நஞ்சை உறிஞ்சுற கரியை மாத்தினேன், பாதித் தண்ணி மாத்தினேன். மறுநாள் செத்ததெல்லாம் அழுகி அம்மோனியா ஏறி ஒரு டேங் மீனும் போச்சு. பவளத்துக்கு ஒண்ணும் ஆகலை, அதுதான் விசித்திரம்.

செங்காங்_செல்வி
அண்ணே, இந்தக் கதையை நீங்க முன்னாடி பாதிதான் சொன்னீங்க. இப்ப குழாய் என்ன ஆச்சு?

யீஷூன்_கிழவன்
எடுத்துட்டேன். ஸ்கிம்மர் வாயில சோடா லைம் டப்பா மாட்டியிருக்கேன். அறைக் காத்துல இருக்கிற கரியமில வாயுவை அது புடிச்சுக்கும், தீர்ந்தா நிறம் மாறும். செலவுதான். புகைமூட்ட நாள்லயும் கவலை இல்ல. அதோட ராத்திரி சுண்ணாம்புத் தண்ணி.

உப்புக்கண்டம்
சுண்ணாம்பா? தேக்கா மார்க்கெட்டுல வெத்தலைப் பொட்டலத்தோட குடுப்பாங்களே அதா? பாக்கு எப்ப போடணும்?

செங்காங்_செல்வி
சிரிக்காதீங்க, ஏறக்குறைய அதேதான். கால்சியம் ஹைட்ராக்சைடு. பவளம் தன் உடம்பைக் கட்டக் கால்சியமும் கார்பனேட்டும் எடுக்குது, தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணி ரெண்டுக்கும் ஈடு குடுக்கும், போற வழியில கரியமில வாயுவையும் புடிச்சுக்கும், பிஎச் ஏறும். ஒரு லிட்டருக்கு ஒண்ணரை கிராம் சுத்தமான பொடி போதும், அதுக்கு மேல கரையாது, அடியில தங்கிடும். வெத்தலைச் சுண்ணாம்புல வேற என்னென்ன கலந்திருக்கும்னு தெரியாது, அதைப் போடாதீங்க.

ஆனா இதுக்கும் ஒரு கதை இருக்கு. தண்ணி ஆவியான அளவுக்குச் சுண்ணாம்புத் தண்ணியை ஏடிஓ (குறைஞ்ச தண்ணியை நிரப்புற கருவி) தானா ஊத்துற மாதிரி வச்சிருந்தேன். சம்ப்ல ஒளி சென்சார். ஒரு டர்போ நத்தை நேரா அது மேல ஏறிப் படுத்துக்கிச்சு. சென்சாருக்குத் தண்ணி குறைஞ்சதாவே தெரியுது, பம்ப் நிக்கவே இல்ல. நான் நைட் ஷிஃப்ட். காலையில வந்தா தொட்டி முழுக்கப் பால். பிஎச் 8.9. அன்னிக்கு என்கிட்ட இருந்த உப்பையெல்லாம் கலக்கி மூணு தடவை தண்ணி மாத்தினேன். நத்தைக்கு ஒண்ணும் ஆகலை, இன்னும் இருக்கு, பேரு விஐபி.

அதுலேருந்து, ஏடிஓ டப்பா 10 லிட்டர்தான். மொத்தமும் ஒரே நேரத்துல கொட்டினாலும் தொட்டி சாகாத அளவு. மணி, பெரிய டப்பா வச்சா வாரம் ஒரு தடவை நிரப்பினாப் போதும்னு யாராவது சொல்வாங்க, கேக்காதீங்க. அப்புறம் அந்த டப்பாவுக்கு மூடி கட்டாயம். சும்மா நல்ல தண்ணி வச்சிருந்தீங்கன்னா ஏடிஸ் கொசு முட்டை போடும், சோதனைக்கு வர்றவங்க சம்ப் கதவையும் திறந்து பாப்பாங்க.

தெம்பனீஸ்_தினேஷ்
தண்ணி எங்க எடுக்கிறீங்க? நான் கடையில இயற்கைக் கடல்நீர் வாங்குறேன், வீட்டுக்கே கொண்டாந்து ஊத்திடுறாங்க. உப்பு கலக்குறதெல்லாம் முதுகு ஒடியுற வேலை.

யீஷூன்_கிழவன்
வாங்கினதும் உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர்ல ஒரு சொட்டு வச்சுப் பாத்தியா? நம்ம நீரிணைத் தண்ணியில உப்பு ஆயிரத்துக்கு 30ஐ ஒட்டித்தான் இருக்கும், நமக்கு வேண்டியது 35. கடைக்காரன் உப்பு சேர்த்தானா இல்லையான்னு அளந்துதான் சொல்ல முடியும். தொட்டிக்கு ஊத்துற முன்னாடி அளக்கிறவனுக்கு அது நல்ல தண்ணிதான். நான் உப்புதான் கலக்குறேன், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வரும்.

ஆனா குழாய்த் தண்ணியை நேரா எடுத்து உப்பு போடாதே. நம்ம குழாய்ல குளோரமின். குளோரின் மாதிரி வாளியில ஒரு ராத்திரி வச்சாப் பறந்து போகாது. ஆர்ஓ வடிகட்டிக்கு முன்னாடி நல்ல கார்பன், பின்னாடி மிச்சம் கரைஞ்சிருக்கிறதைப் புடிக்கிற டிஐ ரெசின். கார்பன் குளோரமினை உடைச்சா அம்மோனியா வெளிய வரும், அதைப் புடிக்கிறது ரெசின். தண்ணியில கரைஞ்சிருக்கிறதை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் 0 காட்டலைன்னா ரெசின் முடிஞ்சுதுன்னு அர்த்தம். ஆர்ஓ கழிச்சுவிடுற தண்ணியில என் வீட்டம்மா தரை துடைக்கிறாங்க.

தெம்பனீஸ்_தினேஷ்
இப்ப அளந்தேன். 31. மூணு மாசமா நான் என்ன பண்ணிட்டிருந்தேன்!

யீஷூன்_கிழவன்
ஒரே நாள்ல ஏத்தாதே. ஆவியானதுக்கு ஈடா நல்ல தண்ணிக்குப் பதில் உப்புத்தண்ணியை ஊத்து, ஒரு வாரத்துல வந்துடும்.

கான்கிரீட்_காதர்
கரண்டு கேட்டாரே, யாரும் பதில் சொல்லலை. என் நாலடித் தொட்டிக்கு ஒருநாள் ஒவ்வொண்ணா மீட்டர் மாட்டிப் பாத்தேன். சில்லர் 300 வாட், நாளுக்கு 12 மணி நேரம் ஓடுது, 3.6 யூனிட். லைட் 2.7. சம்ப்லேருந்து தண்ணியை மேல ஏத்துற ரிட்டர்ன் பம்ப் 1.2. தண்ணியை அசைக்கிற வேவ்மேக்கர், ஸ்கிம்மர் சேர்த்து 1.6. மொத்தம் 9.1. யூனிட் 30 காசுன்னு வச்சா மாசம் 80 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல. இதுல ஏர்கான் கணக்கு இல்ல. வேணும்னே சேர்க்கலை.

தெம்பனீஸ்_தினேஷ்
கரண்டுன்னதும் ஞாபகம் வந்துச்சு. போன வருஷம் ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சிக்குப் போயிருந்தேன். ரெண்டாம் நாள் பழைய பவர்ஹெட் பம்ப் ஒண்ணுல வயர் வெடிச்சுத் தண்ணி இறங்கி ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா மெயினை அணைக்கிற சுவிட்ச்) விழுந்துடுச்சு. வீட்டுல ஆள் இல்ல. முழு வீடும் இருட்டு. 14 மணி நேரம் தண்ணி அசையலை. தொட்டி மீனும் போச்சு, ஃபிரிட்ஜுல இருந்த மீனும் போச்சு. இப்ப ஒரு வேவ்மேக்கர் பேட்டரியில ஓடுற மாதிரி வச்சிருக்கேன். வெளிச்சம் இல்லாம ரெண்டு நாள் தாங்கும், அசைவு இல்லாம ஒரு ராத்திரி தாங்காது.

செங்காங்_செல்வி
கரண்டு போனா இன்னொண்ணு: ரிட்டர்ன் பம்ப் நின்னதும் மேல இருக்கிற தண்ணி சம்புக்கு இறங்கும். சம்ப்ல அதுக்கு இடம் விட்டிருக்கணும். தொட்டி வச்ச முதல் நாளே பிளக்கைப் புடுங்கிப் பாருங்க, வினைல் தரை போட்டப்புறம் தெரிஞ்சுக்க வேணாம்.

மகள் இருக்கிற வீடுன்னு சொன்னீங்க. சோவான்திட் வகைப் பவளம் மலிவா, கலர் கலரா, புதுசா வர்றவங்க எல்லாரும் முதல்ல வாங்குறது. சிலதுல பாலிடாக்சின் இருக்கும், ரொம்பக் கடுமையான நஞ்சு. பாறையைச் சுத்தம் பண்றேன்னு அதை வெந்நீர்ல கொதிக்க வைக்கவே கூடாது, ஆவியே ஆஸ்பத்திரியில சேர்த்துடும். வெட்டும்போது கையுறை, கண்ணாடி. நர்ஸா சொல்றேன்.

பொங்கோல்_மணி
இவ்வளவு இருக்கா! அக்கா, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம்: பாறை கிலோ கணக்குல வாங்கணும்னா விலை எகிறுது. செயிண்ட் ஜான்ஸ் தீவுக் கரையில செத்த பவளக் கல் எவ்வளவோ கிடக்குது, ரெண்டு பை அள்ளிட்டு வந்தா?

யீஷூன்_கிழவன்
வேணாம். அள்ளாதே.

கீழக்கரை_பேரன்
நான் தொட்டி வச்சதில்ல, படிக்க மட்டும் வர்றவன். இதுக்குப் பதில் சொல்லாம இருக்க முடியலை. என் தாத்தா காலத்துல மன்னார் வளைகுடாவுல பவளக் கல்லைப் படகு படகா வெட்டிச் சுண்ணாம்புக்காளவாய்க்கு அனுப்புவாங்க. செத்த கல்லுதானேன்னுதான் ஆரம்பிச்சது. அங்க இருந்த 21 தீவுல ரெண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும், இப்ப தண்ணிக்கு அடியில. 2001ல பவளத்தை வனவிலங்குச் சட்டத்துல சேர்த்தப்புறம்தான் வெட்டுறது அடங்கிச்சு. இங்க சிங்கப்பூர்க் கடல்ல 250 வகைக் கல்பவளம் பதிவாகியிருக்கு, நிலமீட்புல பாதிக்கு மேல பாறைத்திட்டு போயிடுச்சு. மிச்சம் இருக்கிறதுக்குத்தான் 2014ல சிஸ்டர்ஸ் தீவுகளைக் கடல் பூங்கா ஆக்கினாங்க. அந்தக் கல்லு மேலதான் அடுத்த பவளம் ஒட்டி வளரும்.

பொங்கோல்_மணி
தெரியாமக் கேட்டுட்டேன். காய்ஞ்ச செயற்கைப் பாறையே வாங்கிக்கிறேன்.

உப்புக்கண்டம்
ஜோகூர்ல பவளம் பாதி விலைன்னு கேள்விப்பட்டேனே, காஸ்வே தாண்டி ஒரு ஐஸ் பெட்டி...

கான்கிரீட்_காதர்
கல்பவளம் மொத்தமும் சைட்டிஸ் (அருகிவர்ற உயிரின வணிகத்துக்கான உலக ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கு. பெர்மிட் இல்லாமக் கொண்டுவந்தா குத்தம். ஐஸ் பெட்டியோட உங்களையும் புடிச்சு வைப்பாங்க, சில்லர் இல்லாத அறையில.

(ஏழு மாசம் கழிச்சு)

பொங்கோல்_மணி
இழையைத் தூசி தட்டுறேன். நாலடிதான் வச்சேன், ஷெல்ட்டர் சுவரோரம். தண்ணி ஊத்தி அஞ்சு வாரம் ஒண்ணும் போடலை, அம்மோனியா ஏறி இறங்கி நைட்ரைட் ஏறி இறங்கி, மகள் தினமும் "அப்பா, இது கல்லு வளர்க்கிற தொட்டியா?"ன்னு கேட்டா. அப்புறம் பழுப்புப் பாசி, அப்புறம் பச்சை முடிப் பாசி, நத்தைங்க வந்து தின்னு தீர்த்துச்சு. இப்ப க்ளவுன் மீன் ஜோடி, ஒரு கோபி மீன், ரெண்டு டார்ச் பவளம், கொஞ்சம் மான்டிபோரா பவளம். ப்ளூ டேங் ஒரு அடி வளரும்னு ஸ்கேலை வச்சுக் காட்டினேன், அவளே வேணாம்னுட்டா. அதுக்குப் பதிலா ஒரு க்ளீனர் இறால், பேரு மீசைக்காரன். கையை உள்ள விட்டா ஏறி வந்து நகத்தைச் சுத்தம் பண்ணுது, அவ கையை வெளிய எடுக்க மாட்டேங்கிறா. காலையில பிஎச் 7.85, சாயங்காலம் 8.1.

எழுதின காரணம்: லிஃப்ட்ல நோட்டீஸ். நாளைக்குக் காலையில எங்க ப்ளாக்குக்குப் புகையடிப்பு. கிழவன் அண்ணே, இருக்கீங்களா?

யீஷூன்_கிழவன்
இருக்கேன். வர்றதுக்கு அரைமணி முன்னாடியே ஜன்னல் எல்லாம் சாத்து, கதவு இடுக்குல ஈரத்துணி போடு. ஸ்கிம்மரை அணை. காத்து இழுக்கிற எதுவும் ஓடக்கூடாது. வேவ்மேக்கர், ரிட்டர்ன் ஓடட்டும். தொட்டி மேலயும் சம்ப் மேலயும் பிளாஸ்டிக் தாள் போர்த்து. ஏர்கான் போட்டுக்கலாம், அது உள்காத்தைத்தான் சுத்தும். புகை வாடை முழுசாப் போனப்புறம் ஜன்னலைத் திற, காத்தாடி போடு, ஒரு மணி நேரம் கழிச்சு ஸ்கிம்மர். சம்ப்ல புதுக் கரி ஒரு பை இன்னிக்கே போட்டு வை.

பொங்கோல்_மணி
லீவு போட்டுட்டேன்.

செங்காங்_செல்வி
என்ன ஆச்சு?

பொங்கோல்_மணி
இப்பதான் தாளை எடுத்தேன். மீசைக்காரன் பாறை மேல நிக்குது. மீசை ஆடுது.